உடலோடு மனமும் ஆயத்தமாக வேண்டும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிரம்பானுக்குத் தெற்கே அமைந்த சிறு பட்டணம் ரந்தாவ். லின்சம், சிலியாவ் முதலிய தோட்டப் பகுதிகள் அதைச் சூழ்ந்துள்ளன. முன்பு பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று செம்பனைத் தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். இத்தகைய ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் குடலிறக்கமோ தொண்டைச் சதை வீக்கமோ இருப்பது தெரிந்தால், பெற்றோர் முதலில் ரந்தாவ் அரசாங்கக் கிளினிக்கிற்குப் போவார்கள். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு சிரம்பானிலுள்ள துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குச் செல்வார்கள். மருத்துவர் பரிசோதித்து, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பார். அவசரமில்லாத சிகிச்சையானால் அந்த நாள் வருவதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

அந்த இடைவெளியில் பிள்ளையின் உடலை ஆயத்தப்படுத்த எத்தனையோ வேலைகள் நடக்கின்றன. இரத்தம் சோதிக்கப்படுகிறது, எடை பார்க்கப்படுகிறது, சளி, காய்ச்சல் வராமல் காக்கும்படி பெற்றோருக்கு அறிவுரை கூறப்படுகிறது. ஆனால், பிள்ளையின் மனத்தை ஆயத்தப்படுத்த என்ன நடக்கிறது? பல வீடுகளில் ஒன்றும் நடப்பதில்லை. "சொன்னால் பயந்துவிடும்" என்று பெரியவர்கள் விஷயத்தை மறைத்துவிடுகிறார்கள். சில பிள்ளைகள் "சிரம்பானுக்குப் போய்ச் சாமான் வாங்கலாம்" என்ற பேச்சை நம்பி வண்டியில் ஏறி, மருத்துவமனை வாசலில்தான் உண்மையை அறிந்துகொள்கிறார்கள்.

இந்த வழக்கம் மாற வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குச் செல்லும் பிள்ளைக்கு, அதன் வயதுக்கேற்ற சொற்களில், உரிய நேரத்தில் உண்மையைச் சொல்வது பெற்றோரின் கடமை. அது பிள்ளையின் மீது காட்டும் இரக்கம் மட்டுமன்று. சிகிச்சையின் ஒரு பகுதியும் ஆகும்.

முதலில், மறைத்தால் பிள்ளைக்குத் தெரியாது என்ற எண்ணமே தவறானது. தோட்டத்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியவை. நலம் விசாரிக்க வரும் உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்து, "வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணுமாம்" என்று பேசுவார்கள். எப்போதோ யாருக்கோ நடந்த ஒரு துயரத்தையும் அதனுடன் சேர்த்துச் சொல்வார்கள். அடுத்த அறையில் இருக்கும் பிள்ளையின் காதில் அது பாதியாக விழும். கேட்ட பாதியுடன், மீதியைப் பிள்ளையின் கற்பனை சேர்த்துக்கொள்ளும். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பது பழமொழி. கத்தி எவ்வளவு பெரிது, யார் பிடித்துக்கொள்வார்கள், வலிக்கும்போது கத்தினால் அம்மாவுக்குக் கேட்குமா என்றெல்லாம் அது தனியே எண்ணிக்கொண்டிருக்கும். கேட்பதற்கும் வழியில்லை, வீட்டில் எல்லாரும் ஒன்றுமே இல்லாததுபோல நடந்துகொள்வதால், இது கேட்கக் கூடாத விஷயம் என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது.

இந்த அச்சத்திற்கு வேறொரு வேரும் உண்டு. சோறு உண்ண மறுக்கும் குழந்தையிடம், "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டுவது பல குடும்பங்களில் சாதாரணம். குறும்புக்குத் தண்டனையாக ஊசியைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, உண்மையில் நோயுற்று மருத்துவமனைக்குச் செல்லும்போது என்ன நினைக்கும்? தான் ஏதோ தவறு செய்ததால்தான் இங்கே அழைத்து வந்திருக்கிறார்கள் என்று நினைக்கும். சிறு பிள்ளைகளுக்கு இத்தகைய எண்ணம் எளிதில் தோன்றும். எனவே, மருத்துவரைப் பூச்சாண்டியாக்கும் பேச்சை முதலில் கைவிட வேண்டும்.

மருத்துவ உலகமே இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் பார்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் இருந்தன. பெற்றோர் வந்துபோனால் குழந்தைகள் அழும். வராவிட்டால் அமைதியாக இருக்கும் என்பது அக்கால மருத்துவர்கள், தாதியர் பலரின் கருத்து. லண்டன் தவிஸ்டாக் கிளினிக்கில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த 'அமைதி'யை ஐயுற்றார். தொப்புள் குடலிறக்கத்திற்காக எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் படம் பிடித்தார். நல்ல காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்ததாக யாரும் குறை சொல்லக்கூடாது என்பதற்காக, நாள்தோறும் குறித்த நேரத்தில் படமெடுத்தார். அந்தப் படம் 1952ஆம் ஆண்டில் வெளிவந்தது. அச்சிறுமி பெரும்பாலும் அழவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு அழுகையை அடக்கினாள். அடிக்கடி தாயைக் கேட்டாள். நாள்கள் செல்லச் செல்ல, வந்த தாயிடமும் ஒட்டாமல் விலகினாள். அழாத பிள்ளை அஞ்சாத பிள்ளை என்று கொள்ள முடியாது என்பதை அப்படம் காட்டியது.

படத்தைப் பார்த்த மருத்துவர்களில் பலர் முதலில் சினம் கொண்டார்கள். ஆயினும், மாற்றம் வந்தது. சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு 1959ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் ஓர் அறிக்கை அளித்தது. பெற்றோர் தடையின்றிப் பிள்ளையைப் பார்க்க வேண்டும், சிறு குழந்தைகளுடன் தாய் தங்க வாய்ப்பளிக்க வேண்டும், மருத்துவமனைக்கு வருமுன்பே பிள்ளைகளை ஆயத்தப்படுத்த வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளுள் அடங்கும். இன்று மலேசிய அரசாங்க மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டில் தாயோ மற்றொரு காப்பாளரோ உடன் தங்குவது இயல்பாகிவிட்டது. தாய் உடனிருக்கும் வசதி கிடைத்துவிட்டது. பிள்ளையை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தும் பழக்கம்தான் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

அச்சம் மனத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. அமெரிக்காவில் மருத்துவர் ஸீவ் கெயினும் அவருடைய குழுவினரும் தொண்டைச் சதை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 5 முதல் 12 வயது வரையிலான 241 பிள்ளைகளை ஆராய்ந்து, 2006ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு முன் மிகுந்த பதற்றத்துடன் இருந்த பிள்ளைகள் பின்னர் அதிக வலியை உணர்ந்தார்கள், வீட்டில் அவர்களுக்கு வலி மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டது, உறக்கமும் கெட்டது. மறு ஆண்டு அதே குழு 408 பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் மற்றோர் ஆய்வை நடத்தியது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, என்ன நடக்கும் என்பதை விளக்கும் காணொளி காட்டப்பட்டது. மயக்க மருந்துக்கான முகமூடியை வீட்டிற்குக் கொண்டுபோய் விளையாட்டாகப் பழக வாய்ப்புத் தரப்பட்டது. பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று பெற்றோருக்கும் கற்றுத்தரப்பட்டது. அப்பிள்ளைகளின் பதற்றம் குறைந்தது. சிகிச்சைக்குப் பின் அவர்களுக்கு வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

இந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது பெற்றோரின் பயிற்சியாகும். மயக்க மருந்து கொடுக்கும்போது பெற்றோர் உடன் நிற்பது மட்டும் பிள்ளையின் பதற்றத்தைக் குறைப்பதில்லை என்று 2015ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள் கண்டார்கள். நடுங்கிக்கொண்டு நிற்கும் தந்தையின் கையைப் பிடித்திருக்கும் பிள்ளைக்கு அந்த நடுக்கமும் சேர்ந்தே வருகிறது. ஆகவே, பிள்ளையை ஆயத்தப்படுத்தும் முன் பெற்றோர் தங்களை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். தங்களுக்குப் புரியாததை மருத்துவரிடமும் தாதியிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். பேணுபவரை வெறும் துணையாக ஒதுக்காமல் மருத்துவத்தின் ஒரு கூறாகவே வள்ளுவர் வைத்தது எண்ணத்தக்கது.

பிள்ளையிடம் மறைப்பவர்களும் வள்ளுவரைத் துணைக்கு அழைக்கலாம். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று 'வாய்மை' அதிகாரத்தில் அவர் கூறுகிறாரே என்பார்கள். ஆனால், அக்குறள் விதிக்கும் நிபந்தனையைப் பார்க்க வேண்டும். நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். "வலிக்கவே வலிக்காது" என்ற பொய் தரும் நன்மை, ஊசி குத்தும் நொடியோடு தீர்ந்துவிடுகிறது. அதன்பின் பிள்ளை வலியோடு ஏமாற்றத்தையும் சுமக்கிறது. அடுத்த முறை கிளினிக்கிற்கு அழைக்கும்போது தாயின் சொல்லை அது நம்புவதில்லை. நம்பிக்கையைக் கெடுக்கும் பொய்யைக் குற்றமற்றது என்று சொல்ல இயலாது.

மறைப்பதில் உடலுக்கான ஆபத்தும் இருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். பொதுவாகத் திட உணவை ஆறு மணி நேரத்திற்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சரியான நேரத்தை மருத்துவமனையே கூறும். வயிற்றில் உணவு இருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். காரணம் அறியாத பிள்ளை, பசி தாங்காமல் ஒரு பிஸ்கட்டை ஒளித்துத் தின்றுவிடும். கேட்டால் தின்னவில்லை என்றும் சொல்லிவிடும். காரணம் அறிந்த பிள்ளையோ, தம்பி நீட்டும் பிஸ்கட்டையும் மறுத்துவிடும். உண்மை அறிந்த பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே உதவுகிறது.

அதற்காக எல்லா வயதினரிடமும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடுவதும் பொருந்தாது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு 'அடுத்த மாதம்' என்பது விளங்காது. வெகு முன்னதாகச் சொன்னால் அச்சமே வளரும். ஓரிரு நாள்களுக்கு முன், மிகச் சில சொற்களில் சொன்னால் போதும். பொம்மைக்கு ஊசி போட்டும் நெகிழிக் கிண்ணத்தை மூக்கில் வைத்து மூச்சிழுத்தும் விளையாடுவது அந்த வயதுக்கு ஏற்ற பாடம். தொடக்கப்பள்ளி மாணவருக்கு ஒரு வாரத்திற்கு முன் சொல்வது நல்லது. அவர்கள் கேள்வி கேட்கவும் கேட்டதையே மீண்டும் கேட்கவும் காலம் வேண்டும்.

சொல்லும் சொற்களிலும் கவனம் தேவை. 'கிழிப்பது', 'வெட்டுவது' என்பதைவிட, 'டாக்டர் ஒரு சிறு திறப்பு வைத்துச் சரிசெய்து, மீண்டும் தைத்து மூடிவிடுவார்' என்பது உண்மையாகவும் இருக்கிறது, அச்சுறுத்தாமலும் இருக்கிறது. மயக்க மருந்தைப் பற்றிக் கூறும்போது, அது இரவில் உறங்கும் உறக்கம் போன்றதன்று என்பதை விளக்க வேண்டும். இல்லாவிட்டால், தட்டினால் விழித்துக்கொள்வதுபோல நடுவில் விழித்துவிடுவோமோ என்று பிள்ளை அஞ்சும். மயக்க மருந்து நிபுணர் சிகிச்சை முடியும் வரை அருகிலேயே இருந்து மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனிப்பார். வேலை முடிந்ததும் மருந்தை நிறுத்துவார். பின்னர் விழிப்பு வரும் என்று சொல்லலாம். விழித்தபின் தொண்டை வறளும், குமட்டல் வரலாம், கையில் குழாய் இருக்கும், வலித்தால் சொல்ல வேண்டும், அதற்கு மருந்து உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊசி வலியை அஞ்சும் பிள்ளைக்குத் தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கலாம்.

எல்லா அறுவைச் சிகிச்சைக்கும் ஒரு வாரம் கிடைப்பதில்லை. குடல்வால் அழற்சி நள்ளிரவில் வரும். மோட்டார் சைக்கிள் விபத்து நொடியில் நேரும். அப்போதும் மூன்று செய்திகளைச் சொல்ல நேரமிருக்கும்: உடலில் என்ன கோளாறு, அதற்கு என்ன செய்யப் போகிறார்கள், விழிக்கும்போது யார் அருகில் இருப்பார்கள். வண்டியில் போகும் நேரத்திலேயே இவற்றைச் சொல்லிவிடலாம்.

பதின்ம வயதினரின் நிலை வேறு. அவர்கள் பெரியவர்களைப் போலத் தோன்றுவதால், அவர்களுடைய அச்சத்தை யாரும் விசாரிப்பதில்லை. 'இவ்வளவு வளர்ந்த பையன் பயப்படலாமா?' என்ற ஒரு கேள்வி, இரண்டாம் படிவ மாணவனின் வாயை அடைத்துவிடும். நடுவில் விழித்துவிடுவோமோ, விழிக்காமலே போய்விடுவோமோ என்ற அச்சம் அவனுக்கும் உண்டு. தழும்பு வெளியே தெரியுமா, உடை மாற்றும்போது யார் இருப்பார்கள், தோழர்கள் என்ன சொல்வார்கள், எத்தனை நாள் பாடம் தவறும் என்ற கவலைகள் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் உண்டு. இவற்றை அற்பம் என்று ஒதுக்கக் கூடாது.

தோட்டப்புறக் குடும்பங்களில் இந்த வயதினருக்கு மற்றொரு சுமையும் சேர்கிறது. மருத்துவமனையில் படிவங்கள் பெரும்பாலும் மலாய்மொழியில் இருக்கும். விளக்கமும் மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். பெற்றோருக்கும் பாட்டிக்கும் அது முழுமையாகப் புரியாதபோது, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையே மொழிபெயர்ப்பாளராகிறது. தன் வயிற்றில் நடக்கப்போகும் சிகிச்சையின் ஆபத்துகளைத் தானே படித்துத் தாய்க்குச் சொல்கிறது. அம்மா கலங்குவார் என்று சிலவற்றை விட்டுவிடுகிறது. கேட்க நினைத்த தன் கேள்வியைக் கேட்காமலே விடுகிறது. வீட்டையே ஆயத்தப்படுத்தும் அந்தப் பிள்ளையை ஆயத்தப்படுத்த யாரும் இல்லை. இது எவ்விதத்திலும் நியாயமன்று. தமிழ் பேசும் தாதியையோ மருத்துவரையோ சில நிமிடங்கள் விளக்க வருமாறு கேட்கக் குடும்பம் தயங்கக் கூடாது. முக்கியக் கேள்விகளுக்குத் தமிழில் விடை தரும் ஒரு சிறு கையேட்டை மருத்துவமனைகள் அச்சிட்டு, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே கொடுத்தால் பெரும் உதவியாக இருக்கும்.

மலேசியாவில் 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோதான் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து பெற்றோருடையது என்பதால், பேச்சும் பெற்றோருடையது மட்டும் என்று பொருளாகாது. மலேசியா 1995ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்து மதிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே, மருத்துவரைப் பார்க்கும் அறையில் பதின்ம வயதுப் பிள்ளைக்கும் ஒரு நாற்காலி வேண்டும். தன் கேள்விகளை ஒரு தாளில் முன்பே எழுதிக்கொண்டு போனால், பேசும் நேரத்தில் அவை மறந்துபோகா.

இவையெல்லாம் பேச எளிது, நடைமுறைக்கு அரிது என்று சிலர் சொல்லலாம். நாள் கூலிக்கு வேலை செய்யும் தந்தைக்கு ஒருநாள் விடுப்பென்றால் ஒருநாள் வருமானம் போகும். தாய் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வருகிறார். மருத்துவமனைக்குப் போய்வரவே நேரம் போதாதபோது, உட்கார்ந்து பேச நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. ஆனால், மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணமோ விடுப்போ தேவையில்லை. அவை நடக்க வேண்டிய இடம் சிரம்பான் மருத்துவமனையன்று; ரந்தாவிலுள்ள வீடு. நாள் குறித்தது முதல் சிகிச்சை வரையுள்ள வாரங்கள் முழுவதும் பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது. இரவு உணவின்போது பத்து நிமிடம் பேசலாம். தாய்க்கு இயலாவிட்டால் அக்காள் பேசலாம். முன்பு சிகிச்சை பெற்றுக் குணமான அண்டைவீட்டு அண்ணன் தன் தழும்பைக் காட்டிச் சிரித்துப் பேசலாம்.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. நீண்ட நாள் வார்டில் தங்கும் பிள்ளைகளுக்காக, 2011ஆம் ஆண்டு முதல் நாட்டின் சில மருத்துவமனைகளுக்குள்ளேயே பள்ளிகள் நடத்தப்படுகின்றன. நோயுற்ற பிள்ளையும் மாணவரே என்ற எண்ணம் அதன் அடிப்படை. அந்த எண்ணம் வகுப்பறையிலும் இருக்க வேண்டும். விடுப்பில் செல்லும் மாணவரிடம் ஆசிரியர் சிகிச்சையைப் பற்றி அக்கறையுடன் விசாரிக்கலாம். தோழர்கள் பாடக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கலாம். திரும்பி வரும் நாளில் தழும்பைக் காட்டச் சொல்லி நச்சரிக்காமல் இருக்கலாம்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் அச்சம் முற்றிலும் நீங்கிவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. பெரியவர்களுக்கே அது நீங்குவதில்லை. அச்சத்தோடு பிள்ளை தனித்து விடப்படக் கூடாது என்பதே கேட்கப்படுவது. தனக்கு என்ன நடக்கப் போகிறது, ஏன் நடக்கிறது, விழிக்கும்போது யார் இருப்பார்கள் என்பதை அறிந்த பிள்ளை, அறுவை அறைக்குள் கண்ணீருடன் போனாலும் நம்பிக்கையுடன் போகும். அந்த நம்பிக்கையை ஊட்டும் பொறுப்பை மருத்துவமனையிடம் மட்டும் விட்டுவிடாமல், ஒவ்வொரு குடும்பமும் இன்றே ஏற்க வேண்டும்.